பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் பெரியோர் சொல்லும் விடையும்

(சங்கத்தின் பெற்றார் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படுவதொன்றன்று. கல்வி, ஒழுக்கம், சமூகத்தொண்டு என்பன பற்றிப் பேசுவார்க்கு எம்மிடையே குறைவில்லை. ஆனால், வளரும் பிள்ளைகள் தம் உடலைப் பற்றியும் ஆண் பெண் உறவைப் பற்றியும் கேட்கும் கேள்விகளுக்குப் பெரியோர் எவ்வாறு விடை சொல்வது என்னும் விடயம் வந்ததும், பேசுவார் தொண்டையைச் செருமிக்கொள்வர். கேட்பார் கூரையைப் பார்ப்பர். இச்சபையிலும் இரண்டொருவர் இப்பொழுதே கடிகாரத்தைப் பார்ப்பதைக் காண்கின்றோம். அஞ்ச வேண்டாம். சபைக்கு ஒவ்வாத சொல் எதனையும் நாம் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியதை மூடி மறைக்கவும் போவதில்லை.

முதலில், நம் வீடுகளில் நடக்கும் ஒரு விசித்திரத்தைக் கவனிப்போம்.

ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிறாள். உடனே அம்மான் வீட்டுக்கு ஆள் போகிறது. பிள்ளையை ஓர் அறையில் இருத்துகிறார்கள். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி என்று வேளை தவறாமல் கொடுக்கிறார்கள். நல்ல நாள் பார்த்து, மாமிமார் கூடி நீர் வார்த்து, ஆராத்தி எடுத்துச் சாமத்தியச் சடங்கு நடத்துகிறார்கள். அழைப்பிதழ் அச்சாகிறது; மண்டபம் பிடிக்கிறார்கள்; படம் எடுப்போர் வருகிறார்கள். ஊர் முழுவதும் அறிந்துவிடுகிறது. என்ன நடந்தது என்பதை அறியாதவள் ஒருத்தி மாத்திரமே. அவள், பட்டுடுத்தி நடுவில் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளைதான்!

ஏன் இரத்தம் வந்தது? இது நோயா? எத்தனை நாளைக்கு இருக்கும்? அடுத்த மாதமும் வருமா? பள்ளிக்கூடத்தில் வைத்து வந்தால் என்ன செய்வது? இவற்றுள் ஒன்றுக்கும் அவளுக்கு விடை கிடைப்பதில்லை. “துடக்கு, அங்கை போகாதை, இதைத் தொடாதை, இனி ஆம்பிளைப் பிள்ளையளோடை விளையாடாதை” என்னும் விலக்குகள் மாத்திரமே கிடைக்கின்றன. நம் முன்னோர் உடலைப் பேணுவதற்கு உழுந்தும் நல்லெண்ணெயும் முட்டையும் தேர்ந்துவைத்தமை பாராட்டத்தக்கதே. உடலுக்குக் கொடுத்த ஊட்டத்தின் ஒரு பங்கைத்தானும் அவள் உள்ளத்துக்கும் கொடுத்தோமா என்பதே எமது வினா.

பெண்பிள்ளைக்காவது ஒரு சடங்கு உண்டு. ஆண்பிள்ளைக்கு அதுவும் இல்லை. அவன் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, ஒரு நாள் விடியற்காலையில் உடை நனைந்திருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறான். தூக்கத்தில் விந்து வெளியாதல் வளரும் ஆண்பிள்ளைகட்கு இயல்பான நிகழ்ச்சி. அதனால் உடல் மெலிவதுமில்லை, மூளை மழுங்குவதுமில்லை. இதை அவனுக்குச் சொல்ல ஒருவரும் இல்லாமையால், சுவரொட்டியும் பத்திரிகை விளம்பரமும் சொல்லும் கதையை அவன் நம்புகிறான். தாது நஷ்டம், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு என்று அவனைப் பயமுறுத்தி இலேகியம் விற்போர் பலர். இந்தப் பயமே ஒருவனை உண்மையில் நோயாளி ஆக்கக்கூடும். விந்து கழிவதால் உயிர்ச்சத்துப் போகிறதென அஞ்சிச் சோர்ந்து வரும் வாலிபர்களைக் கண்ட இந்திய மனநோய் வைத்தியர் விக் என்பார், 1960 ஆம் ஆண்டிலேயே அந்நிலைக்குத் ‘தாது’ என்னும் சொல்லைக் கொண்டே பெயரிட்டார். தகப்பன் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் வராத நோய் அது.

இனி, இவ்விடயத்தைப் பிள்ளைகளிடம் பேசலாகாது என்போர் கூறும் காரணங்களைப் பார்ப்போம்.

“பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள், தெரியாததைத் தெரியப்படுத்தியது போலாகும்” என்பது முதலாவது. உண்மை நேர்மாறானது. ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ பாலியற் கல்வி பற்றி 2009 இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு, 2018 இல் அதனைத் திருத்தி மீண்டும் வெளியிட்டது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அந்நூல் கூறும் முடிவு, முறையான பாலியற் கல்வி பிள்ளைகளை உறவுக்கு விரைவுபடுத்துவதில்லை என்பதாகும். அறிவு பெற்ற பிள்ளைகள் பொறுத்திருக்கவும், தம்மைக் காத்துக்கொள்ளவும் கற்கின்றனர். மேலும், தெரியாத பிள்ளை இன்று எங்கே இருக்கிறது? கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. நாம் சொல்லாமல் விட்டதை அந்தச் சிறு திரை சொல்லிக்கொடுக்கிறது. அது காட்டும் படங்களில் அன்பு இல்லை, மரியாதை இல்லை, பெண் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு மதிப்பும் இல்லை. அவற்றைப் பார்க்கும் பையன், ஆணும் பெண்ணும் வாழும் வாழ்க்கை இதுதான் என்று எண்ணிக்கொள்கிறான். ஆகவே பிள்ளைக்கு ஆசான் உண்டா இல்லையா என்பதன்று கேள்வி. அந்த ஆசான் யார் என்பதே கேள்வி.

“இது மேல்நாட்டுப் பழக்கம், நமக்கு ஆகாது” என்பது இரண்டாவது. அறம், பொருள், இன்பம், வீடு என்று வாழ்க்கையின் பயனை நான்காக வகுத்தவர்கள் நம் முன்னோர். 1,330 குறள்களுள் 250 குறள்களை, 25 அதிகாரங்களாக, இன்பத்துக்கென்றே வள்ளுவர் ஒதுக்கினார். நாணமும் பிரிவும் ஊடலும் கூடலும் அவர்க்குப் பேசத்தகாதனவாகத் தோன்றவில்லை. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மேடை தோறும் முழங்கிவிட்டு, மூன்றாம் பாலைப் பிள்ளைகள் கையில் படாமல் மூடிவைப்பது வள்ளுவர் காட்டிய வழியாகாது.

இந்நாட்டிலும் இம்முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையையே தம் நாடாக்கிக்கொண்ட வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார் பாடசாலைகளுக்கென்று சுகாதார நூல் எழுதினார். 1953 இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். 1958 இல் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பெற்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன் பெரியவர்கள் துணிந்து தொட்ட பொருளை இன்று நாம் தொட அஞ்சுவது பொருந்துமா?

“பாடசாலையிற் படிப்பிக்கிறார்கள்தானே, வீட்டில் ஏன்?” என்பது மூன்றாவது. விஞ்ஞானப் பாடத்தில் இனப்பெருக்கம் உண்டு. சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடமும் உண்டு. எனினும் “இந்தப் பகுதியை வீட்டிலே வாசியுங்கோ” என்று சொல்லி ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்டார் எனப் பழைய மாணவர் பலர் கூறக் கேட்கின்றோம். வீடு பாடசாலையைக் காட்டுகிறது. பாடசாலை வீட்டைக் காட்டுகிறது. பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறது. சரியாகப் படிப்பித்தாலும்கூடப் பாடநூல் உடலின் உறுப்புகளைத்தான் விளக்கும். ஒருவரை விரும்புவது எப்படி, மறுப்பது எப்படி, மறுக்கப்பட்டால் தாங்குவது எப்படி என்பவற்றைப் பிள்ளை வீட்டிலேதான் கற்க வேண்டும்.

அன்பர்களே! பேசத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் பெற்றாரும் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் தடுமாறுகின்றனர். இது இயல்பே. அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றார் ஒன்றும் சொல்லவில்லை. ஆகையால் சில நடைமுறைகளைச் சொல்ல விரும்புகின்றோம்.

பிள்ளை இத்தகைய கேள்வியை முதன்முறை கேட்கும்போது, விடையைக் காட்டிலும் நம் முகத்தையே கவனிக்கிறது. முகம் சுளித்தால், இந்தப் பொருளை இவரிடம் கேட்கக் கூடாது என்று அறிந்துகொள்கிறது. பிறகு கேட்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, “தம்பிப் பாப்பா எங்கையிருந்தம்மா வந்தது?” என்று கேட்டால், “ஆசுப்பத்திரியிலை வாங்கினது” என்று சொல்வது வழக்கம். “அம்மாவின்ரை வயித்துக்குள்ளை கருப்பை எண்டு ஒரு இடம் இருக்கு. அதுக்குள்ளை வளர்ந்து வந்தவன்” என்று சொன்னால் என்ன கெட்டுவிடும்? அவ்வயதில் பிள்ளைக்கு அவ்வளவு போதும். அது விளையாடப் போய்விடும்.

பத்து வயதுப் பையன் பத்திரிகையை விரித்து, “அப்பா, வல்லுறவு எண்டால் என்ன?” என்கிறான். “உனக்கேன் அது? புத்தகத்தை எடு” என்பதே வழக்கமான விடை. அதற்குப் பதிலாகத் தந்தை இப்படிச் சொல்லலாம்: “ஒருத்தற்றை விருப்பமில்லாமல் அவற்றை உடம்பைப் பலவந்தமாய்ப் பாவிக்கிறது, தம்பி. அது பெரிய குற்றம். செய்தவனிலைதான் பிழை, பாதிக்கப்பட்டவையிலை ஒரு பிழையும் இல்லை.” இவ்வளவுதான். இச்சில வசனங்களில் ஒரு சொல்லின் பொருளும் இருக்கிறது. ஓர் அறமும் இருக்கிறது.

பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதையும் கேட்டறிதல் நன்று. “நீ இதை எங்கை கேள்விப்பட்டனி?” என்று அதட்டாமல் கேட்டால், பிள்ளை எதைத் தவறாக விளங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். விடை சுருக்கமாகவும் உண்மையாகவும் இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்: “எனக்கும் சரியாத் தெரியேல்லை, கேட்டுச் சொல்லுறன்.” அப்படிச் சொன்னால் மறவாமல் கேட்டுச் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தால், வெட்கமாக இருக்கிறது என்றே சொல்லிவிட்டுப் பேசலாம். அதனால் பெற்றாரின் மதிப்புக் குறையாது.

இதற்கென்று நாள் குறித்து, பிள்ளையை எதிரே இருத்திப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. தாயும் மகளும் தேங்காய் துருவும்போதும், தகப்பன் மகனை ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும்போதும் பேசலாம். முகத்துக்கு முகம் பாராத இடத்தில் கூச்சம் குறைவு.

எப்பொழுது சொல்வது? நடந்த பின்னர் அன்று, நடப்பதற்கு முன்னரே. உடல் மாற்றங்கள் பெண்பிள்ளைகட்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகட்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. ஆகவே 8, 9 வயதிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். மாதவிடாய் என்றால் என்ன, முதல் இரண்டொரு வருடங்களில் அது ஒழுங்கு தவறி வரலாம், அணையாடையை எப்படிப் பாவிப்பது என்பவற்றை முன்னரே அறிந்த பிள்ளை, அந்த நாளில் அழ மாட்டாள். “அம்மா, வந்திட்டுது” என்று வந்து சொல்வாள். தங்கைக்கு இப்படி ஒன்று நிகழும் என்பதைத் தமையனும் அறிந்திருக்கட்டும். அறிந்தவன் வகுப்பிலே பெண்பிள்ளைகளைப் பகிடி பண்ண மாட்டான்.

இதற்கு அரசாங்கமே நமக்கு ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. 2017 முதல் இந்நாட்டின் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. என்னும் வைரசுக்கு எதிரான தடுப்பூசி பாடசாலைகளில் போடப்படுகிறது. அது பிற்காலத்திற் கருப்பைக் கழுத்திலே தோன்றக்கூடிய புற்றுநோயைத் தடுப்பதற்கானது. “என்ன ஊசியம்மா?” என்று பிள்ளை கேட்டால், “புற்றுநோய் வராமல் இருக்க” என்று மாத்திரம் சொல்லி முடித்துவிடுவோர் உளர். கருப்பை என்பது எங்கே இருக்கிறது, அதன் கழுத்து எது, அந்தக் கிருமி வளர்ந்தோரிடையே உண்டாகும் உடலுறவால் பரவுவது, அதற்கு நெடுங்காலம் முன்னரே போட்டால்தான் ஊசி நன்கு பயன்தரும் என்பவற்றையும் சேர்த்து இரண்டு வசனங்களில் தாய் சொல்லிவிடலாம். தயங்கிய பேச்சைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

இனி, எமது பேச்சின் நடுநாயகமான விடயத்துக்கு வருகின்றோம்.

கை, கால், கண், காது என்று பிள்ளைக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கின்றோம். சில உறுப்புகளுக்கு மாத்திரம் பெயர் சொல்வதில்லை. “அது”, “அங்கை”, “சீ” என்பனவே அவற்றுக்குப் பெயர். பெயரில்லாத இடத்தில் ஒருவன் கை வைத்தால், பிள்ளை என்னவென்று வந்து சொல்லும்? சொல் இல்லாத பிள்ளைக்கு முறைப்பாடும் இல்லை. தீயவர்கள் இதை நன்கறிவர். பிள்ளைகட்குத் தீங்கு செய்வோருட் பெரும்பாலோர் அப்பிள்ளைகள் முன்பின் அறியாதவர் அல்லர். உறவினர், அயலவர், குடும்ப நண்பர், படிப்பிப்பவர் என்று வீட்டார் நம்பிக்கை வைத்த ஒருவராகவே பெரும்பாலும் இருப்பர். “பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்” என்று மாத்திரம் படித்த பிள்ளை, அத்தகையவனுக்கு எளிதில் இரையாகிறது.

ஆகவே பிள்ளைக்கு உறுப்புகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். அவை அதன் சொந்த உடல் என்பதையும், குளிக்க வார்க்கும் தாயும், தாய் அருகிலிருக்கப் பரிசோதிக்கும் வைத்தியரும் தவிர வேறெவரும் தொடலாகாது என்பதையும் சொல்லுங்கள். “ஆருக்கும் சொல்லாதை எண்டு ஆராவது சொன்னால், அதைத்தான் முதல்லை அம்மாவுக்குச் சொல்ல வேணும்” என்று பழக்குங்கள். பிள்ளை விரும்பாதபோது மாமாவுக்கு முத்தம் கொடு, மாமியின் மடியில் இரு என்று வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வீட்டிலே பெறாத பிள்ளை வெளியிலே அதைப் பயன்படுத்துவது எங்ஙனம்?

பிள்ளை ஒரு நாள் வந்து சொல்லிவிட்டால் என்ன செய்வது? நம்ப வேண்டும். “ஏன் அங்கை போனனி?” என்று முதலில் கேட்கலாகாது. “சொன்னது நல்லது. பிழை உன்னிலை இல்லை” என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும். திரும்பத் திரும்பத் துருவிக் கேளாமல் அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வல்லுறவு நிகழ்ந்திருப்பின் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. 72 மணித்தியாலத்துக்குள் சென்றால் எச்.ஐ.வி. தொற்றுவதையும் கரு உண்டாவதையும் தடுப்பதற்கான மருந்துகளைக் கொடுக்க இயலும். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்காகவே இருக்கிறது. குடும்பமானம் போகிறதென்று மறைப்பதும், காசு வாங்கிச் சமாதானம் செய்வதும், இவற்றிலும் கொடியதாக, கெடுத்தவனுக்கே பெண்ணைக் கட்டிக் கொடுப்பதும் பிள்ளைக்கு இழைக்கும் இரண்டாவது தீங்காகும். மானம் போவதாயின் அது செய்தவனுடைய மானமே.

அடுத்து, பதின்வயதினரின் காதலைப் பற்றிச் சில வார்த்தைகள். அவ்வயதில் ஒருவர்மேல் ஒருவருக்கு ஈர்ப்பு உண்டாவது பருவத்தின் இயல்பு. அதைக் குற்றமாகக் கண்டு அடித்து, படிப்பை நிறுத்துவதால் ஈர்ப்பு நிற்பதில்லை. நம்மிடம் சொல்வதுதான் நிற்கிறது. அன்புக்கும் மயக்கத்துக்கும் உள்ள வேற்றுமையை அவர்களுடன் இருந்து பேச வேண்டும். தன்னை விரும்புகிறவன் தன் படிப்பையும் நட்பையும் தடுப்பானா? தொலைபேசியின் இரகசிய எண்ணைக் கேட்பானா? வேண்டாம் என்றதும் கோபித்துக் கையை அறுத்துக்காட்டுவானா? இவ்வினாக்களைப் பெண்பிள்ளை கேட்டுப் பார்க்கட்டும். ஒரு பெண் தன்னை மறுத்தால் அது தன் ஆண்மைக்கு இழுக்கன்று, அவளுடைய உரிமை என்பதை ஆண்பிள்ளையும் கற்கட்டும். பின்தொடர்வதும் வழிமறிப்பதும் காதலென்று திரைப்படங்கள் கற்பித்துவிட்டன. அந்தப் பாடத்தை மறக்கச் செய்யும் கடமை தந்தையரைச் சார்ந்தது.

ஒருபாலார்மேல் நாட்டம் கொள்ளும் பிள்ளைகளும் எல்லாச் சமூகங்களிலும் உளர், நம்மிடையேயும் உளர். அது நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே அதை நோய்களின் நிரலிலிருந்து நீக்கிவிட்டது. அத்தகைய பிள்ளை வந்து மனந்திறந்தால், விரட்டாமலும் மந்திரவாதியிடம் கொண்டு போகாமலும் செவிகொடுத்துக் கேட்பதே பெற்றாரின் கடன். வீடு கைவிட்ட பிள்ளை எந்த முடிவுக்கும் துணியும்.

சட்டத்தையும் இளைஞர் அறிந்திருத்தல் அவசியம். 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின்படி, 16 வயது நிரம்பாத பெண்பிள்ளையின் சம்மதம் சம்மதமாகாது. “அவளும் விரும்பினவள்” என்று 17 வயதுப் பையன் சொன்னாலும் அது கடுஞ்சிறைக்குரிய குற்றமே. பொது விவாகச் சட்டத்தின்படி இருபாலார்க்கும் விவாக வயது 18. 18 வயதுக்கு உட்பட்டோரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம். இவற்றை அறியாமல் வாழ்வைத் தொலைக்கும் பையன்களுக்கு முன்னரே சொல்லாதது யார் குற்றம்?

படம் என்றதும் இன்னொன்று. அன்பென்று நம்பி ஒரு பெண்பிள்ளை தன் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பிவிடுகிறாள். பின்னர் அதைக் காட்டி ஒருவன் மிரட்டுகிறான், பணம் கேட்கிறான், தனியே வா என்கிறான். அவன் கையில் இருக்கும் படத்தைவிட, தன் வீட்டார்மேல் அவளுக்குள்ள பயமே அவனுக்குப் பெரிய ஆயுதம். “அப்பாவுக்குத் தெரிஞ்சால் கொண்டுபோடுவார்” என்று அவள் நினைக்கும் வரைக்கும் அவன் வெல்வான். “என்ன நடந்தாலும் எங்களிட்டை வந்து சொல்லு, அடிக்க மாட்டம், சேர்ந்து வழி பார்ப்பம்” என்னும் உறுதிமொழி முன்னரே கொடுக்கப்பட்டிருந்தால், அந்த ஆயுதம் மழுங்கிவிடும். அப்படி நேர்ந்தால் பணம் கொடுக்க வேண்டாம், வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், அவையே சாட்சி. பொலிஸ் நிலையத்திலோ 1929 இலோ முறையிடுங்கள்.

இவையனைத்தையும் பெற்றார் மாத்திரம் செய்ய வேண்டுமா எனின், இல்லை. தாயிடம் கேளாததைப் பிள்ளை சின்னம்மாவிடம் கேட்கும். தகப்பனிடம் சொல்லாததை அம்மானிடம் சொல்லும். பிள்ளை நம்பத்தக்க பெரியவர் இருவர் மூவர் சுற்றத்தில் இருந்தாற் போதும். கிராமந்தோறும் வரும் குடும்பநல உத்தியோகத்தர் இவ்விடயங்களிற் பயிற்சி பெற்றவர். கர்ப்பவதிகளுக்கும் குழந்தைகளுக்கும் மாத்திரம் உரியவர் அவர் என்று எண்ணிவிடாமல், பெற்றார் தம் ஐயங்களை அவரிடம் கேட்கலாம்.

இறுதியாக நம் சங்கத்துக்குச் சில வேண்டுகோள்கள். வருடந்தோறும், பிள்ளைகள் தரம் 6 இற்குப் போகுமுன் அவர்களுடைய பெற்றாரை அழைத்து, சுகாதார வைத்திய அதிகாரியைக் கொண்டு இரண்டு மணித்தியால வகுப்பொன்று நடத்துவோம். தாய்மாரை மாத்திரம் அனுப்பிவிட்டுத் தந்தையர் வீட்டில் இருந்துவிடலாகாது. வாசிகசாலையில் ஒரு கேள்விப் பெட்டி வைப்போம். பெயர் எழுதாமல் இளைஞர் இடும் கேள்விகளுக்கு வைத்தியர் எழுதும் விடைகள் மாதந்தோறும் அறிவித்தற் பலகையில் இடப்படட்டும். 1929 என்னும் சிறுவர் உதவி இலக்கமும், 1938 என்னும் பெண்கள் உதவி இலக்கமும் வாசலிலே பெரிய எழுத்தில் எழுதப்படட்டும்.

இன்னொன்று, செலவில்லாதது. சாமத்தியச் சடங்கு நடத்தும் வீடுகளில், நீர் வார்ப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம், அறிவும் அன்பும் உள்ள ஒரு பெரியம்மாவோ மாமியோ அந்தப் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவள் கேட்பதற்கெல்லாம் விடை சொல்லட்டும். தம் மருமக்களுக்கு மீசை அரும்பும் காலத்தில் அம்மான்மாரும் அவ்வாறே செய்யட்டும். மண்டபமும் பந்தியும் நான்கு நாளில் மறந்துபோகும். அந்த ஒரு மணித்தியாலப் பேச்சுப் பிள்ளையின் ஆயுள் முழுவதும் துணை நிற்கும்.